கன உலோகமும் கடற்பாசியும்

பள்ளி ஒன்றின் அறிவியல் வாரத்தில் நாம் உரையாற்றி முடித்து வெளியே வந்தபோது, ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் ஒரு சிறு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே பச்சை நிற மாத்திரைகள். "அம்மா வாங்கி வைத்திருக்கிறார், ஐயா. உடம்பில் சேர்ந்த ஈயம், பாதரசம் எல்லாவற்றையும் இந்தக் கடற்பாசி வெளியே இழுத்துவிடும் என்று போட்டிருக்கிறது. உண்மையா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல இயலவில்லை. பொய் என்று தள்ளிவிட முடியாதபடி அதில் ஓர் உண்மை இருந்தது. கடற்பாசி உலோகத்தைப் பிடிக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் எங்கே பிடிக்கும், பிடித்ததை எங்கே வைத்துக்கொள்ளும் என்று கேட்கத் தொடங்கினால், அந்த விளம்பர வாசகம் வேறு பொருள் தரத் தொடங்கும். இவ்வுரையில் அதனைத்தான் விளக்க முயல்கிறோம்.

முதலில் கன உலோகம் என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அடர்த்தி மிகுந்த உலோகங்களைக் குறிக்கவே இச்சொல் தோன்றியது. இன்று வழக்கில் அது நச்சுத் தன்மையையே பெரிதும் சுட்டுகிறது. இரும்பும் துத்தநாகமும் செம்பும் அடர்த்தி மிக்கவைதாம். எனினும் சிறிதளவில் அவை நம் உடலுக்கு இன்றியமையாதவை. ஈயம், பாதரசம், காட்மியம் ஆகியவற்றுக்கோ நம் உடலில் எந்தப் பணியும் இல்லை. ஆர்செனிக் முழு உலோகமே அன்று. ஆயினும் தீங்கு விளைவிக்கும் முறையால் இவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

இவற்றை மற்ற மாசுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரே பண்புதான். ஆற்றில் கலக்கும் சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைத்துவிடும். உலோகம் தனிமம், அதைச் சிதைக்க எந்த உயிராலும் இயலாது. கரையலாம், படியலாம், வேறொன்றோடு சேரலாம், ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகலாம். எங்கே போனாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும். ஆதலால், நீரிலிருந்து உலோகத்தை 'நீக்கினோம்' என்று எவரேனும் சொன்னால், நீக்கியதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பதே அறிவியல் முறை. இக்கேள்வி இவ்வுரை முழுதும் நம்மைத் தொடரும்.

உடலுக்குள் இவை செய்யும் தீங்கு பெரும்பாலும் ஆள்மாறாட்டத்தால் நிகழ்வது. ஈயத்தை உடல் கால்சியம் என்று மயங்கி எலும்பில் சேர்த்துவைக்கிறது. அங்கே அது பல ஆண்டுகள் தங்கும். காட்மியம் சிறுநீரகத்தில் குடிகொள்கிறது. பாதரசம் புரதங்களில் உள்ள கந்தகத்தை இறுகப் பற்றி அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஈயம் 10 மைக்ரோகிராம், ஆர்செனிக் 10 மைக்ரோகிராம், காட்மியம் 3 மைக்ரோகிராம் என வழிகாட்டி அளவுகளை வகுத்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நாவுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத அளவு அது. தெளிந்த நீர் தூய நீர் என்று நம்பிப் பழகிய நமக்கு இதுவே பெரிய இடர்.

இந்த இடரின் முழு உருவத்தை உலகம் கண்டது ஜப்பானின் குமமோட்டோ மாநிலத்தில், மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில். அங்கிருந்த சிசோ நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை, அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் பாதரசச் சேர்மத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தி, கழிவை விரிகுடாவில் விட்டது. 1950களில் ஊர்ப் பூனைகள் நிலைகொள்ளாமல் சுழன்றாடிக் கடலில் விழுந்து மடியத் தொடங்கின. பிறகு மனிதர்கள். கைகால் மரத்தல், பார்வை குறுகல், பேச்சுக் குழறல், வலிப்பு. 1956ஆம் ஆண்டு மே முதல் நாள், தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவராக இருந்த மருத்துவர் ஹஜிமே ஹொசொகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுவதாக அரசு சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். 1959இல் அவரே ஆலைக் கழிவை ஒரு பூனைக்கு உணவோடு கலந்து கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண்ணிட்ட அந்தப் பூனைக்கு அதே நோய் வந்தது. நிறுவனம் அம்முடிவை வெளியிடவில்லை. ஜப்பானிய அரசு உண்மையை முறைப்படி ஏற்றது 1968இல். பின்னர் 2,200க்கு மேற்பட்டோர் நோயாளிகள் என அதிகாரபூர்வமாகச் சான்றளிக்கப்பட்டனர். நோயின் அறிகுறி சிறிதும் காணாத தாய்மாருக்குக் கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தனர். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது அக்குழந்தைகளைக் கண்டுதான்.

அதே நாட்டில் ஜின்சூ ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்வயல்களில் ஏறி, எலும்பு நொறுங்கும் 'இத்தாய் இத்தாய்' நோயைத் தந்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பதே அப்பெயரின் பொருள்.

ஜப்பான் தொலைவில் உள்ளது என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. நம் தீபகற்பத்தின் பொருளாதாரம் ஒரு காலத்தில் ஈயக் கனிமத்தில் நின்றது. இங்கே ஒரு சொற்குறிப்பு தேவை: நம் பேச்சுவழக்கில் 'ஈயச் சுரங்கம்', 'ஈயக் குட்டை' என்று சொல்வதெல்லாம் வெள்ளீயத்தைக் குறிப்பவை, நஞ்சான ஈயம் காரீயம். மாணவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி காண்கிறோம். வெள்ளீயம் தன்னளவில் பெரிய நஞ்சன்று. ஆனால் வெள்ளீயக் கனிமத்தோடு பாறையில் பல இடங்களில் ஆர்செனிக் கலந்த கனிமமும் உடனிருக்கும். தோண்டி வெளியே போட்டால் காற்றும் மழையும் அதைக் கரைக்கும். தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் உள்ள ரொன் பிபூன் என்னும் வெள்ளீயச் சுரங்க வட்டாரத்தில், கிணற்று நீரால் மக்களுக்குத் தோல் கருத்துத் தடித்தது 1987இல் தெரியவந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் கைவிடப்பட்ட குட்டைகளில் மீன் வளர்ப்போரும் காய்கறி பயிரிடுவோரும் நீரையும் மண்ணையும் சோதித்துப் பார்க்க வேண்டுவது இதனால்தான். ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் துறைமுகங்களும் கப்பல் பட்டறைகளும் ஆலைகளும் நிற்கின்றன. அந்நீரில்தான் மீன் கூண்டுகளும் சிப்பி வளர்க்கும் கயிறுகளும் மிதக்கின்றன.

இனிப் பாசிக்கு வருவோம். கடலில் கரைந்துள்ள உலோகம் மீனின் உடலுக்கு எவ்வாறு போகிறது? நீரைக் குடித்து அன்று. பெரும்பகுதி உணவின் வழியே. அந்த உணவுச் சங்கிலியின் முதற்கண்ணி கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். மெத்தில் பாதரசம் நீரிலிருந்து அவற்றுக்குள் ஏறும்போதே அதன் செறிவு பல்லாயிரம் மடங்காகிறது. அதன்பின் சிறு உயிர், சிறு மீன், பெரு மீன் என ஒவ்வொரு படியிலும் ஏறுவது அதைவிடக் குறைவே. ஆக, பாசியின் பற்றும் ஆற்றல் நாம் கண்டுபிடித்த புதுமையன்று. மினமாட்டாவின் துயரமே அந்தப் படியில் தொடங்கியதுதான்.

கண்ணுக்குத் தெரியும் கடற்பாசிகளைப் பச்சை, சிவப்பு, பழுப்பு என மூன்றாகப் பிரிப்பர். சிவப்புப் பாசியிலிருந்து கிடைப்பது நம் வீடுகளில் நோன்புப் பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் காய்ச்சி ஊற்றும் அகர் அகர். இது மலாய்ச் சொல். உலகின் எல்லா நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்களிலும் வழங்குகிறது. 1881இல் இராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகள் வெப்பத்தில் உருகிவிடுவதால் தவித்தபோது, அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே தம் சமையலறையில் கையாண்ட அகரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்திருந்தவர்களிடம் அவர் கற்ற சமையல் அது. காச நோய்க் கிருமியைக் கண்ட அறிவியலுக்கு நம் வட்டாரச் சமையலறை செய்த உதவி என்று இதை மாணவரிடம் சொல்லத் தவறக்கூடாது.

உலோகத்தைப் பற்றுவதில் முதலிடம் பழுப்புப் பாசிக்கு. போர்ட் டிக்சன் கடற்கரையில் கிளைத்துப் படர்ந்து, சிறு சிறு காற்றுக்குமிழ்களோடு ஒதுங்கிக் கிடக்கும் சர்காசம் இவ்வகையே. இதன் உயிரணுச் சுவரில் ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் நிறைந்துள்ளது. சர்க்கரை அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னேற்றம் கொண்ட அமிலத் தொகுதிகள் நிற்கின்றன. கடல்நீரில் அவ்விடங்களில் கால்சியம், மக்னீசியம், சோடியம் அயனிகள் அமர்ந்திருக்கும். இரண்டு சங்கிலிகள் அருகருகே வளைந்து நிற்கும்போது இடையில் வரிசையாகக் குழிகள் உண்டாகின்றன. அக்குழிகளில் கால்சியம் அயனிகள் முட்டைத் தட்டில் முட்டைகள்போல் பொருந்துகின்றன. இவ்வமைப்புக்கு வேதியியலார் வைத்த பெயரும் முட்டைப் பெட்டி என்பதே. ஈயமோ செம்போ அருகில் வந்தால் ஆல்ஜினேட் கால்சியத்தைக் கைவிட்டு அதனைப் பற்றிக்கொள்ளும். ஈயத்தின்மேல் அதற்குள்ள பற்று எல்லாவற்றினும் மிகுதி.

இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். நூற்றுக்கு இரண்டு பங்கு சோடியம் ஆல்ஜினேட் கரைசலைத் துளித்துளியாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விடுங்கள். ஒவ்வொரு துளியும் விழுந்த கணமே சவ்வரிசிபோல் உருண்டு திரளும். அவ்வுருண்டைகளைக் கழுவி, நீர்த்த செம்புச் சல்ஃபேட்டுக் கரைசலில் இட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். உருண்டைகள் நீலமாகும், கரைசலின் நீலம் வெளுக்கும். பின் அதே உருண்டைகளை நீர்த்த அமிலத்தில் இட்டால் செம்பு மீண்டும் வெளியே வரும், ஏனெனில் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அவ்விடங்களைப் பிடுங்கிக்கொள்கின்றன. மாணவர் பலர் நீலம் மறைந்ததும் "சுத்தமாகிவிட்டது" என்று மகிழ்வர். அப்போது ஆசிரியர் கேட்கவேண்டியது முன்சொன்ன கேள்விதான்: செம்பு இப்போது எங்கே? எஞ்சிய கரைசலைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டால் சோதனையே கேலிக்கூத்தாகிவிடும். தனிக் கலனில் சேர்த்துவைக்க வேண்டும்.

இதே வேதியியலைப் பெரிய அளவில் கழிவுநீருக்குப் பயன்படுத்தும் முறைக்கு உயிர்ப்பொருட் பற்றுகை என்று பெயர் கொள்ளலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொஹுமில் வொலெஸ்கி இத்துறையைப் பல ஆண்டுகள் வளர்த்தார். பாசி உயிரோடு இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. காயவைத்துப் பொடித்த பாசியே போதும், ஏனெனில் பற்றுவது உயிரன்று, சுவர். ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஒரு கிராம் உலர்ந்த சர்காசம் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஈயத்தைப் பற்றியுள்ளது. சுண்ணாம்பிட்டு உலோகத்தைப் படியவைக்கும் பழைய முறை, செறிந்த கழிவுக்குப் பொருந்தும். உலோகம் மிகக் குறைவாகக் கலந்த ஏராளமான நீருக்கு அது போதாது. பாசியின் பயன் அங்கேதான். குறைகளும் உண்டு. உண்மைக் கழிவுநீரில் கால்சியமும் பிறவும் கலந்திருப்பதால் போட்டி மிகும். அமிலத் தன்மை மாறினால் பற்றும் மாறும். இறுதியில் உலோகம் ஏறிய பாசியை அமிலத்தால் கழுவி மீட்கவோ பாதுகாப்பாகப் புதைக்கவோ வேண்டும். ஆய்விதழ்களில் குவிந்த அளவுக்கு ஆலைகளில் இம்முறை பரவாததற்கு இவையே காரணங்கள் என்று கருதுகிறோம்.

இப்போது மாணவியின் பொட்டலத்துக்குத் திரும்பலாம். பாசி குவளையில் செம்பைப் பிடிக்கிறது, வயிற்றிலும் பிடிக்காதா? குடலுக்குள் ஓரளவு பிடிக்கும். அணுகுண்டுச் சோதனைகளின் தூசு உலகெங்கும் படிந்த 1960களில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி ஸ்கொரினாவும் அவர் குழுவினரும், ஆல்ஜினேட்டை உணவோடு கொடுத்தால் கதிரியக்க ஸ்ட்ரான்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்வது குறைகிறது என்று காட்டினர். ஆயின் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆல்ஜினேட் நம் குடலில் செரித்து உட்கிரகிக்கப்படுவதில்லை. நார்ப்பொருளாகவே கடந்து வெளியேறுகிறது. எனவே அதே வேளையில் அதே குடலில் உள்ளதைத்தான் அது சந்திக்க முடியும். எலும்பில் பத்தாண்டாகக் கிடக்கும் ஈயத்தையோ மூளையில் படிந்த பாதரசத்தையோ அது எட்டிக்கூடப் பார்க்காது. உடலில் சேர்ந்துவிட்ட ஈயத்தை வெளியேற்ற மருத்துவமனையில் தரும் மருந்துகள் வேறு. இரத்தப் பரிசோதனையோடும் கண்காணிப்போடும் அவை தரப்படுகின்றன. குழந்தையின் உடலில் ஈயம் ஏறியிருக்குமோ என்று அஞ்சும் தாய், மாத்திரை வாங்கிக் கொடுத்து அமைதியடைந்தால், இழப்பது பணம் மட்டுமன்று. பரிசோதிக்க வேண்டிய காலமும்தான்.

இதனால் கடற்பாசியை உணவாகக் கொள்வதை நாம் குறைகூறுவதாக எண்ணவேண்டா. அதன் நன்மைகள் மெய்யானவை. உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நார்ப்பொருள், கொழுப்பு மிகக் குறைவு, கனிமங்கள் மிகுதி. நெஞ்செரிச்சலுக்குத் தரும் மருந்துகள் சிலவற்றில் ஆல்ஜினேட் வயிற்றின் மேற்பரப்பில் மிதக்கும் படலமாகி அமிலம் மேலேறாமல் தடுக்கிறது. மீனெண்ணெயின் பெருமைக்குக் காரணமான ஒமேகா-3 கொழுப்பை முதலில் ஆக்குவது மீனன்று, நுண்பாசி. அயோடின் என்னும் தனிமமே கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் வெளிப்பட்டது. 1811இல் பிரெஞ்சு வேதியியலார் பெர்னார்டு குர்துவா வெடியுப்பு ஆக்கும் முயற்சியில் ஊதா நிற ஆவியைக் கண்டார். அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலையும் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறையும் நேரும். இராமநாதபுரக் கடற்கரையில் ஒரு சிவப்புப் பாசிக்குக் கஞ்சிப்பாசி என்று பெயர். அதைக் காய்ச்சிக் கஞ்சியாக உண்டதால் வந்த பெயர் அது. நம் முன்னோருக்குப் பாசி உணவு அயல் வழக்கன்று.

ஆனால் பாசி எதைப் பிடிக்கலாம், எதை விடலாம் என்று நம் நலம் கருதித் தேர்ந்தெடுப்பதில்லை. வளர்ந்த பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். ஜப்பானியர் சாறு காய்ச்சும் கொம்பு என்னும் பழுப்புப் பாசியின் ஒரே கிராமில் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கக்கூடும். கழுத்துச் சுரப்பி நோயுள்ளவருக்கு அது மருந்தன்று, சுமை. சோற்றைச் சுற்றும் நோரியில் அத்துணை இல்லை. ஹிஜிக்கி என்னும் கரிய பாசி மற்றப் பாசிகளைப்போலன்றி, ஆர்செனிக்கை நச்சு மிகுந்த கனிம வடிவிலேயே பெருமளவு வைத்திருக்கிறது; 2004இல் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு அதனை உண்ணவேண்டா என்றே மக்களுக்கு அறிவுறுத்தியது. பாசியை நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடும் பழைய சமையல் வழக்கம் ஆர்செனிக்கைக் குறைக்கும். ஊறிய நீரிலேயே குழம்பு வைப்பது சத்தைச் சேமிப்பதாகாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் பாசி உணவைத் திடீரெனக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும், பாசியில் உள்ள வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.

எனவே, எந்தப் பாசி என்பதோடு எந்தக் கடலில் விளைந்தது என்பதும் பாசி உணவில் முதற்கேள்வியாகிறது. சபாவின் செம்போர்னா கடலில் பஜாவ் மக்கள் கயிறுகளில் கட்டி வளர்க்கும் சிவப்புப் பாசியும், ஆலைக்கழிவு கலக்கும் கழிமுகத்தில் தானே முளைத்த பாசியும் உருவில் வேறுபடாமல் இருக்கலாம். கழிவைச் சுத்திகரிக்க வளர்த்த பாசி எத்துணைச் செழிப்பாக இருந்தாலும் அது உணவாகாது. கால்நடைத் தீவனமும் ஆகாது.

குமமோட்டோவின் நிலப்படத்தை ஒருமுறை பாருங்கள். ஊட்டோ தீபகற்பம் என்னும் நிலத்துண்டு மேற்கே நீண்டு இரு கடல்களைப் பிரிக்கிறது. வடக்கே அரியாக்கே கடல். ஜப்பானின் நோரி வயல்களில் பெரியவை அங்குள்ளன. தெற்கே யாட்சுஷிரோ கடல். மினமாட்டா அதன் கரையில். மான்செஸ்டரைச் சேர்ந்த கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்னும் பாசியியலார், நோரியின் வாழ்க்கையில் சிப்பி ஓட்டுக்குள் மறைந்து வாழும் ஒரு பருவம் உண்டென்று 1949இல் வெளியிட்டார். விதை எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் விளைச்சல் பொய்த்து வாடிய மீனவருக்கு அதுவே வழி திறந்தது. ஜப்பானை ஒருமுறையும் காணாமலே 1957இல் மறைந்த அவருக்கு, அரியாக்கே கடலை நோக்கி ஊட்டோவில் நினைவுக்கல் நிறுவி, ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் மக்கள் நன்றி செலுத்துகின்றனர். அவர் ஆய்வு வெளிவந்த அதே காலத்தில், தீபகற்பத்தின் மறுபுறக் கடலில் பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது.

மாணவியிடம் இவற்றையெல்லாம் அன்று சொல்ல நேரமில்லை. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். விலை இருந்தது, நாளைக்கு எத்தனை மாத்திரை என்று இருந்தது. "எந்தப் பாசி, எந்தக் கடல் என்று எங்காவது போட்டிருக்கிறதா, பாருங்கள்" என்று அவரிடமே கொடுத்தோம். நான்கு பக்கமும் தேடிவிட்டு, "இல்லை, ஐயா" என்றார்.